எந்தக் கரைக்குப் பால்

பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் நான் உறையூர் நெசவாளர் தெருக்களுக்கு ஹெல்த் விசிட்டராக இருந்தேன். காவேரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், அதே வேலையை வேறொருத்தி பார்த்தாள். அவளை நினைத்து எனக்குத் தினமும் வயிறு எரிந்தது. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பிக்கும், படுக்கப் போகும்வரை ஓயாது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் அந்த எரிச்சல் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

நாங்கள் இரண்டு பேரும் மெட்ராஸில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே ஹாஸ்டல், அடுத்தடுத்த கட்டில். அவள் பரீட்சையில் முதலாவதாக வந்தாள், நான் இரண்டாவதாக வந்தேன். நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் ஸ்ரீரங்கத்தில் கோவில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பெண். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் இந்த வேலைக்குப் படிக்க வந்ததற்கு அக்ரஹாரமே கூடிப் பஞ்சாயத்துப் பேசியதாம். அதை ஏதோ கல்யாண வீட்டு வேடிக்கை போலச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான். ஊரிலிருந்து மாவடு வந்தால் ஜாடியை என் பக்கம் தள்ளிவிடுவாள். அந்த மாவடு அவ்வளவு ருசியாக இருந்ததில்கூட எனக்குக் கோபம்.

வேலை கிடைத்த பிறகு கோபத்துக்கு நல்ல காரணங்களே கிடைத்தன. ஸ்ரீரங்கத்தில் அவளுடைய தாய் சேய் நிலையத்துக்கு இரண்டு அறைக் கட்டடம், வாசலில் குழாய், குழந்தைகளை எடை போட வெள்ளை எனாமல் தட்டு வைத்த தராசு. உறையூரில் எனக்கு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் நூல் கிடங்கில் பாதி. மீதிப் பாதியில் நூல் பேல்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். எடை போட எனக்கு ஒரு மிளகாய் மண்டித் தராசு கிடைத்தது. காந்தி மார்க்கெட்டில் ஒரு பெரிய மண்டிக்காரர் புதுத் தராசு வாங்கியபோது பழையதை தர்மமாகக் கொடுத்தார். எத்தனை தடவை கழுவிப் போட்டாலும் அதில் வைத்த குழந்தை தும்மும். தும்முகிற குழந்தையை எடை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்ரீரங்கத்துக்காரிக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் முந்தின கோடையில் என் தெருக்களில் வயிற்றுப்போக்கு வந்து, குழந்தை போய்த் தூளி அவிழ்த்த வீடுகள் எனக்குத் தெரியும். பெண்கள் விடிந்ததிலிருந்து தறிக்கு நூல் சுற்றினார்கள். கஞ்சி குடித்துவிட்டு நூல் சுற்றுகிறவளுக்குத் தாய்ப்பால் எங்கிருந்து வரும்? சாக்கடை ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் சொல்வேன். தலையாட்டுவார்கள். விறகு இருந்தால் அவர்கள் முதலில் சோறாக்க மாட்டார்களா? எனக்குத் தேவைப்பட்டது பால், மருந்து, வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரு டாக்டர். நகராட்சி என் சம்பளத்தையும் அரைக் கிடங்கையும் கொடுத்ததோடு கையை விரித்துவிட்டது.

அந்தக் கோடைதான் எங்கள் ஹெல்த் ஆபீசரையும் உலுக்கியது. மனிதர் ஆபீஸில் உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுக் கடை கடையாக ஏற ஆரம்பித்தார். காந்தி மார்க்கெட் வியாபாரிகளிடம் மகமை என்று ஒரு பழக்கம் உண்டு. வந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு பங்கை தர்மத்துக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அது கோவில் உற்சவத்துக்குப் போகும், தண்ணீர்ப் பந்தலுக்குப் போகும். அதில் கொஞ்சம் குழந்தைகளுக்குப் பாலாக வரட்டுமே என்று இவர் மண்டி மண்டியாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கலர் சோடாவை எல்லாம் குடித்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினார். பிறகு ஒரு நூல் மில்லுக்குப் போனார். பிறகு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனார். கடைசியில் இரண்டு ஊர் நகராட்சிக்கும் பொதுவாக ஒரு கூட்டுக் கமிட்டி உருவானது. அந்த ஊரில் ஆபீசரும் மண்டிக்காரரும் மில் மேனேஜரும் டாக்டரம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

பெஞ்சு ஒன்றுதான், மனசு வேறு வேறு. முதல் கூட்டத்திலேயே நிலையத்து வாசலில் மாட்டப் போகிற போர்டில் யார் பெயர் மேலே வருவது என்று தகராறு. எனக்குத் தராசு கொடுத்த அதே மண்டிக்காரர்தான் கமிட்டித் தலைவர். அவர் ஏற்கனவே போர்டு எழுதக் கொடுத்துவிட்டார். வியாபாரிகள் சங்கத்தின் பெயர் மேலே கொட்டை எழுத்தில், மில் பெயர் அடியில் பொடி எழுத்தில். அதைக் கேட்டதும் மில் மேனேஜர் காபி டபராவைச் சற்றுத் தள்ளி வைத்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் நிறைய பார்த்திருக்கிறேன்.

பாலும் வாராந்தர டாக்டரும் முதல் வருஷம் ஒரு நிலையத்துக்குத்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். உறையூரா, ஸ்ரீரங்கமா? மண்டிக்காரர்தான் வழி சொன்னார்.

"சரக்கைப் பாக்காம நாங்க எதையும் பேசறதில்லீங்க. ரெண்டு ஊரு கொழந்தைங்களையும் ஒரு எடத்துல கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. எந்த ஊரு கொழந்தைங்க நல்லா இருக்கோ, அந்த நர்சம்மா நல்லா வேலை செய்யறாங்கன்னு அர்த்தம். அங்க குடுத்தா பால் வீணாப் போகாது."

பேபி ஷோ அப்போது பெரிய மோஸ்தர். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நன்றாக இருக்கிற குழந்தைகளுக்குப் பால், நோஞ்சான்களுக்கு ஒன்றுமில்லை என்பதில் இருக்கிற கோளாறு அங்கே இருந்த ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் ஜெயிக்கப் போவது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

என்னிடம் ஒரு குழந்தை இருந்தான். கடைசி வீட்டுக்காரி என்று நாங்கள் சொல்கிற ஒரு நெசவாளியின் மனைவிக்குப் பிறந்தவன். பிறந்தபோது உள்ளங்கை அகலம்தான் இருந்தான். பஞ்சில் சுற்றி வைத்து, எங்கெங்கோ கெஞ்சி வாங்கிய பால் பவுடரைக் கரைத்து, சங்கில் ஊற்ற அவளுக்குப் பழக்கிவிட்டு, தினம் இரண்டு வேளை போய்ப் பார்த்து வளர்த்த குழந்தை. ஏழாம் மாதத்தில் அவன் தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அவனைப் பார்த்தால் எந்த மண்டிக்காரரும் மயங்கிவிடுவார். அவனைப் போலவே இன்னும் சில குழந்தைகள் அந்தத் தெருவில் தேறியிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாத் தாய்மாரும் "கண்டிப்பா வர்றோங்க நர்சம்மா" என்றார்கள். கடைசி வீட்டுக்காரி இரண்டு தடவை சொன்னாள்.

ஷோவை யார் ஊரிலும் வைக்கக் கூடாது என்று நடுவில் திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தார்கள். கீற்றுப் பந்தல், மைக் செட், இரண்டு பெரிய ஜமுக்காளங்கள். வலது பக்கம் அவளுக்கு, இடது பக்கம் எனக்கு. நான் முன்னாலேயே போய்க் காத்திருந்தேன். அவள் தாய்மார்களோடு வந்து இறங்கினாள். குழந்தைகள் ஒவ்வொன்றும் வெள்ளி அரைஞாணும் பட்டுச் சொக்காயுமாக, பொம்மைக் கடையைத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. இருக்கட்டும், என் பிள்ளை வரட்டும் என்று நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

டவுன் பஸ் வந்தது. என் தாய்மார்கள் இறங்கினார்கள். சொன்ன சொல் தவறாமல் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அத்தனை இடுப்பிலும் ஒரு குழந்தை இருந்தது. கடைசி வீட்டுக்காரியின் இடுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு, கழுத்து நிற்காத ஒரு குழந்தை இருந்தது. அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"உன் பிள்ளை எங்க?" என்றேன்.

"வீட்ல தூங்குறான் நர்சம்மா."

"இது யாரு?"

"எங்க ஓரகத்தி புள்ளைங்க. நீங்க வரச் சொன்னீங்க, வெறுங்கையோட எப்படி வர்றது? அதான் இதைத் தூக்கிட்டு வந்தேன்."

அவள் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. இத்தனை பேரு உக்காந்திருக்காங்க, மைக்கு வேற வச்சிருக்காங்க. இதுல புள்ளையத் தூக்கிக் காட்டினா என்னத்துக்கு ஆவும்? கண்ணு பட்டுச்சுன்னா அப்புறம் உங்க பாலு வந்து காப்பாத்துமா? நீங்களே சொல்லுங்க."

ஜமுக்காளத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் இதையேதான் செய்திருந்தார்கள். தேறின குழந்தையை எல்லாம் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, யார் கண் பட்டாலும் இதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றுமில்லாத குழந்தைகளாகப் பார்த்துத் தூக்கி வந்திருந்தார்கள். தெருவே கூடி யோசித்துச் செய்த ஏற்பாடு. என் மேல் இருந்த பிரியத்தில் ஒருத்திகூட வராமல் இருக்கவில்லை.

கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மண்டிக்காரர் வலது ஜமுக்காளத்தில் ஒவ்வொரு கன்னமாகக் கிள்ளிக்கொண்டு போனார். இடது பக்கம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மில் மேனேஜர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். ஹெல்த் ஆபீசர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இவர்கள் எல்லாம் மாற்றுக் குழந்தைகள் என்று நான் எப்படிச் சொல்வது? என் தாய்மார்கள் என்னையே நம்பவில்லை என்றல்லவா அதற்கு அர்த்தம்?

ஸ்ரீரங்கத்துக்குக் கோப்பை, பால், புதன்கிழமைதோறும் டாக்டரம்மா. மைக்கில் அறிவித்தார்கள். அவள் மேடையில் ஏறிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது கோப்பையைப் பார்க்காமல் என் ஜமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கொக்கரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக் காவேரியில் எறிய வேண்டும் போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தாய்மார்கள் திருவானைக்காவல் கோவில் வாசலில் வாங்கிய வேர்க்கடலையைப் பகிர்ந்துகொண்டு, நல்லபடியாக ஒரு கண்டத்திலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் வரப்போகிற கோடைக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அவள் என் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். குடையை மடக்கி நூல் பேல் மேல் சாத்திவிட்டு, வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏண்டி, அன்னிக்கு உன் ஜமுக்காளத்துல இருந்ததெல்லாம் யாராத்துக் கொழந்தைகள்?"

"என்ன உளர்றே?"

"நான் ஒண்ணும் உளறலை. ஒரு கொழந்தை பசிச்சு வீல் வீல்னு அழறது. இடுப்புல வச்சிண்டிருக்கறவ சாவகாசமா வேடிக்கை காட்டிண்டு நிக்கறா. பெத்தவளா இருந்தா இதுக்குள்ள மறைவாப் போய்ப் பால் குடுத்திருக்க மாட்டாளோ? எனக்கு மேடையில நிக்கவே முடியலை. நிஜக் கொழந்தைகளை எங்கே வச்சிருக்கே? காட்டு."

யாரிடமும் சொல்லாமல் நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்த விஷயத்தை அவள் மேடையில் நின்றே கண்டுபிடித்திருந்தாள். வேறு வழியில்லாமல் கடைசி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் வெள்ளைப் புடவைகளைக் கண்டதும் கடைசி வீட்டுக்காரி வழக்கம்போல எழுந்து தூளியை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போலவே ஆரம்பித்தேன்.

"எங்க ராஜா எப்படி இருக்கான்? நல்லாக் கொழுகொழுன்னு ஆயிட்டானா? எடை ஏறியிருப்பானே!"

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். தாயைப் பாராட்டு, குழந்தையைப் பாராட்டு, அவளுக்கு உற்சாகம் வரும். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஊர் கேட்கப் பாராட்டினேன். கடைசி வீட்டுக்காரி கலவரத்தோடு என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள், யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று.

ஸ்ரீரங்கத்துக்காரி என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். தூளியை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"சீ! என்னடி இது, எலிக்குஞ்சு! தூ தூ தூ! கரிக்கட்டை! இதையா பத்து மாசம் சொமந்து பெத்தே?"

நான் பதறிப்போனேன். கடைசி வீட்டுக்காரிக்கோ முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவள் எனக்குக் காட்டியதே இல்லை.

"அதை ஏன் கேக்குறீங்க! ஒண்ணுத்தையும் வாயில வைக்க மாட்டேங்குதுங்க."

"தெரியறதே, எலும்பும் தோலுமா. கொண்டா, இது தராசுல நிக்கறதா, காத்துல பறக்கறதான்னு பாப்போம்."

தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு வந்து மிளகாய் மண்டித் தராசில் தன் கையால் உட்கார வைத்தாள். அவன் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தட்டோடு தரைக்கு இறங்கினான். எதிர்த் தட்டில் நான் படிக்கல்லை வைக்க வைக்க அவன் அசையவில்லை. "ஐயே, அசிங்கம்! அசிங்கம்!" என்று ஸ்ரீரங்கத்துக்காரி சொல்லச் சொல்ல, கடைசி வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலத்துக்குள் கதவுக்குப் பின்னாலிருந்தும், நீட்டிக் கட்டிய பாவு நூல் மறைவிலிருந்தும், தறிக்குழியிலிருந்தும் குழந்தைகள் வெளியே வந்தன. நான் மாதக்கணக்கில் கண்ணால் பார்க்காத குழந்தைகள்கூட வந்தன. எல்லாரையும் ஸ்ரீரங்கத்துக்காரி வாய் ஓயாமல் திட்டினாள். அத்தனை தாய்மாரும் வரிசையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது? எங்கள் வீட்டில் என் அத்தை பிறந்த குழந்தையை எல்லாம் நாய்க்குட்டி என்றுதான் கூப்பிடுவாள். நானும் அப்படிக் கூப்பிட்டு வளர்க்கப்பட்டவள்தான். மெட்ராஸில் அதை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதே பயிற்சிக்கு அதே மெட்ராஸுக்கு வந்து முதலாவதாகவும் தேறியவள் அதை விடாமல் பத்திரமாக வைத்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் தெரு, என் தராசு, நான் பஞ்சில் சுற்றி வளர்த்த பிள்ளை. ஒரே மத்தியானத்தில் அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் நூல் பேலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரிக்காமல் பேசிப் பார்த்தேன்.

"நான் ஜெயிச்சேனே, அந்தக் கொழந்தைகள்ல ஒண்ணுகூட என் நிலையத்து வாசப்படி ஏறினதில்லைடி. எல்லாம் எங்க உத்தர வீதி, சித்திரை வீதிக் கொழந்தைகள். வக்கீலாத்துப் பேரன், மிராசுதாராத்துப் பேத்தி. கொள்ளிடக் கரையில குடிசை போட்டுண்டு இருக்காளே, தோட்ட வேலைக்குப் போறவா, அவா கொழந்தைகள்தான் என் வாசல்ல வந்து நிக்கறது. வயிறு மட்டும் முன்னால வரும். அதுகளை அன்னிக்கு வர வேண்டாம்னுட்டேன். காட்டினா தோத்துடுவேனோன்னு பயம்."

அதைக் கேட்டு எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அப்படியானால் இவளும் தப்புப் பண்ணுவாள்! இதைக் கமிட்டியில் போய்ச் சொன்னால் கோப்பை எனக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதிக் கணக்கில் இருக்கும்போதே அவள் எழுந்தாள்.

"நாளைக்குக் கமிட்டியில நானே சொல்லிடப் போறேன். நீயும் வா. என் நிஜக் கொழந்தைகளை நான் கொண்டு வரேன், உன்னுதை நீ கொண்டு வா. பெருமாள் விட்ட வழி."

நான் போட்டுக் கொடுக்க நினைத்ததை அவளே போய்ச் சொல்லப் போகிறாளாம். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒருத்தி நிம்மதியாகப் பொறாமைகூடப் பட முடியாது. பயமும் வந்தது. இரண்டு பேருமே கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று மண்டிக்காரர் மகமையைத் திரும்பத் தண்ணீர்ப் பந்தலுக்கே எடுத்துக்கொண்டுவிட்டால்? இரண்டு கரைக்கும் பால் இருக்காது.

மறுநாள் காந்தி மார்க்கெட்டில் மிளகாய் மண்டி மாடியில் கமிட்டி கூடியது. கீழே மூட்டை இறங்கிக்கொண்டிருந்ததால் எல்லாரும் தும்மிக்கொண்டே பேசினார்கள். அவள் கொள்ளிடக் கரைக் குழந்தைகளோடு வந்திருந்தாள். என்னோடு கடைசி வீட்டுக்காரி மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கூப்பிட்டு வரவில்லை. "அந்த ஸ்ரீரங்கத்து அம்மா இருக்காங்கன்னா வர்றேங்க" என்று வந்தாள்.

ஸ்ரீரங்கத்துக்காரி எழுந்து ஒன்று விடாமல் சொன்னாள். நானும் என் பங்குக்குச் சொன்னேன். மண்டிக்காரர் ஒரு பக்கம் என் குண்டுப் பையனையும் இன்னொரு பக்கம் கொள்ளிடக் கரைக் குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாங்க கோப்பை குடுத்தது யாருக்குங்க?"

"நம்ம பால் தேவையே இல்லாத கொழந்தைகளுக்கு" என்றாள் டாக்டரம்மா. "இப்ப பாத்தாச்சு. ரெண்டு எடத்துலயும் தேவை இருக்கு. உறையூர்ல குடுத்தா என்ன ஆகும்னு இந்தப் பையனே சாட்சி."

"ரெண்டு எடத்துக்கு மகமை எங்கங்க காணும்? அதெல்லாம் ஆவாது. எனக்கு இதுவே மனசு சரியில்ல. நாலு பேரு முன்னால மைக்கு வச்சு ஏமாந்திருக்கோம். இந்த வருசம் நிறுத்தி வச்சுட்டு அப்புறமாப் பாக்கலாங்க."

ஹெல்த் ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா பேனாவை மூடினாள். எனக்குத் தூளி அவிழ்த்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. அப்போதுதான் கவனித்தேன். மில் மேனேஜர் இதில் எதையும் கேட்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த புதுப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்து, அடியில் பொடி எழுத்து.

அந்த அறையில் அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எப்படியும் உறையூருக்கு வேற போர்டு எழுதணுங்க" என்றேன், பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல. "மில் ஆளுங்க நிறையப் பேரு எங்க பக்கந்தான் குடியிருக்காங்க. அந்த போர்டுல மில் பேரு மேல வந்தாத்தான் பொருத்தமா இருக்கும்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தைச் சரி செய்துகொண்டார்.

"உறையூர் பால் செலவு முழுக்க மில் பாத்துக்கும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

மண்டிக்காரருக்குத் தும்மலே நின்றுவிட்டது.

"அதெப்படிங்க? அப்ப ஸ்ரீரங்கத்தை வியாபாரிங்க நிறுத்திட்டாங்க, உறையூரை மில்லு நடத்துதுன்னு ஊரு பேசவா? ஸ்ரீரங்கம் நிக்காது. யாரு சொன்னா நிறுத்துறதுன்னு? மருந்து செலவும் ரெண்டு ஊருக்கும் எங்களோடது, ஆமா!"

அப்புறம் எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு மேலே மேலே ஏறினார்கள். டாக்டரம்மா புதன்கிழமை காலையில் அந்தக் கரை, மத்தியானம் இந்தக் கரை என்று பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டாள். படி இறங்கும்போது ஸ்ரீரங்கத்துக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிடி உனக்கு அது தோணித்து?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால், அவளைப் பற்றி அல்லவா சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த கோடை வந்தது. வயிற்றுப்போக்கும் வந்தது. ஆனால் புதன்கிழமைகளில் டாக்டரம்மா வந்தாள், மருந்து இருந்தது, என் தெருக்களில் தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஸ்ரீரங்கத்துக்காரி மாதம் ஒரு தடவை உறையூருக்கு வந்து போவாள். அன்றைக்குத் தெருவே எதிர்பார்த்து நிற்கும். மற்ற நாட்களில் நான் போனால் "ஸ்ரீரங்கத்து அம்மா எப்ப வருவாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேதி சொல்வேன்.

ஒரு நாள் காலையில் கடைசி வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே என் பையன் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான். ராஜா என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். முகத்தைச் சுளித்தேன்.

"சீ! அசிங்கம்! தூ தூ தூ! இது கொழந்தையா, எலிக்குஞ்சா?"

கடைசி வீட்டுக்காரி நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து வந்து, குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"அந்த அம்மா சொல்ற மாதிரி வரலீங்க நர்சம்மா" என்றாள். "பரவால்ல, எடை போடுங்க."